பீஜ் முதல் குத்தம்பாக்கம் வரை: கிராமத் தொலைக்காட்சி யார் கையில்?

1. கேள்வி

பூவிருந்தவல்லிக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள ஊர் குத்தம்பாக்கம். திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள இந்த ஊராட்சி, சென்னை மேற்கு நோக்கி வளரும் பாதையில் நிற்கிறது. வெளியூர்ப் பேருந்து முனையத்துக்குச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் தேர்ந்தெடுத்த இடமும் இதுதான். சென்னையிலிருந்து வரும் எல்லாத் தொலைக்காட்சி அலைவரிசைகளும் இவ்வூர் வீடுகளில் தெரிகின்றன. இவ்வூரின் கிராமசபை நிறைவேற்றும் தீர்மானமோ அவற்றில் ஒன்றிலும் வருவதில்லை.

சில ஆயிரம் பேர் வாழும் ஒரு கிராமப்புறப் பகுதி தனக்கென ஒரு தொலைக்காட்சி நிலையத்தை வைத்துக்கொள்ள முடியுமா? முடியுமென்றால், எந்த நிபந்தனைகளின் கீழ் அது நிலைக்கும்? இக்கட்டுரை ஆராய்வது இதைத்தான். இந்தியா இதை ஒருமுறை முழுமனத்தோடு முயன்று பார்த்திருக்கிறது. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் பீஜ் என்ற கிராமத்தில் 1975இல் அந்த நிலையம் தொடங்கியது. உலகப் பாராட்டைப் பெற்ற மறு ஆண்டே அதன் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிச் சென்னையின் இரண்டாம் அலைவரிசைக்குக் கொடுப்பதென மத்திய அரசு முடிவெடுத்தது. ஆகவே பீஜின் கதை நமக்கு அயலார் கதை அல்ல. ஒரு கிராமப் பகுதி எதை இழந்ததோ அதைப் பெறவிருந்தது நம் தலைநகரம்.

2. பீஜுக்கு முன்

இந்தியத் தொலைக்காட்சி பிறந்தபோது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம் கல்வியும் கிராம முன்னேற்றமும்தான். 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் யுனெஸ்கோ உதவியுடன் தொடங்கிய சோதனை ஒளிபரப்பு, பொதுக் கூடங்களில் வைத்த பெட்டிகளைச் சுற்றி அமர்ந்து மக்கள் பார்ப்பதற்காக அமைந்தது. 1967 ஜனவரி 26 முதல் ‘கிருஷி தர்ஷன்’ என்ற உழவர் நிகழ்ச்சி டெல்லியைச் சுற்றியுள்ள 80 கிராமங்களைக் குறிவைத்து வந்தது.

விண்வெளி ஆய்வை ஏழை நாட்டின் அன்றாடத் தேவையோடு இணைக்க வேண்டும் என்று வாதிட்ட விக்ரம் சாராபாய் 1971இல் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற திட்டம் 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை சைட் என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சிச் சோதனையாக நடந்தது. அமெரிக்காவின் நாசா கடனாகத் தந்த ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் நேரடியாகச் சென்றன. கம்பிவலையால் ஆன, பத்தடி விட்டமுள்ள ஆன்டெனாக்கள் பள்ளிக்கூடங்களிலும் ஊராட்சிக் கட்டடங்களிலும் நின்றன. ஓராண்டு முடிந்ததும் நாசா தன் செயற்கைக்கோளை நகர்த்திக்கொண்டது. பெரும்பாலான கிராமங்களில் திரை அணைந்தது. ஒளி எங்கிருந்து வருகிறதோ அவ்விடத்தின் மீது பார்ப்பவருக்கு உரிமை இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு இது முதல் சான்று.

3. பீஜ் நிலையம் இயங்கிய விதம்

சைட் திட்டத்தோடு சேர்ந்தே பிறந்தாலும் பீஜ் அதனின்று அடிப்படையில் வேறானது. சைட் ஒரே வானத்திலிருந்து பல மாநிலங்களுக்குப் பேசியது. பீஜ் ஒரு மாவட்டத்துக்கு மட்டும் பேசியது. அகமதாபாத்துக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருந்த அக்கிராமத்தில் ஒரு கிலோவாட் திறன்கொண்ட சிறு டிரான்ஸ்மிட்டர் நிறுவப்பட்டது. நிகழ்ச்சிகளை அகமதாபாத்தில் இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் தயாரித்தது. தூர்தர்ஷனும் தன் பங்கை அளித்தது. சுற்றியிருந்த சுமார் 400 கிராமங்களில் ஏறத்தாழ 650 பொதுப் பெட்டிகள் வைக்கப்பட்டன. பால் கூட்டுறவுச் சங்கக் கட்டடம், பள்ளி, ஊராட்சி மன்றம் ஆகியவை மாலை நேரத்தில் காட்சிக்கூடங்களாயின.

இந்த நிலையத்தின் தனித்தன்மை அதன் நிகழ்ச்சிகளில் இருந்தது. அவை கேடா வட்டாரத்தின் குஜராத்தி வழக்கில் பேசின. ‘சதுர் மோட்டா’, ‘ஹூன் நே மாரா ஏ’ போன்ற தொடர் நாடகங்கள் குடும்பத்தையும் ஊர்வழக்கத்தையும் மேடையாக்கி, பெண்களின் நிலையையும் மூடப் பழக்கங்களையும் விவாதித்தன. கூலி, சாதிப் பாகுபாடு, குடி, கடன், அதிகாரிகளின் அலட்சியம் ஆகியவை நிகழ்ச்சிகளின் கருப்பொருள்கள். ஊராரே நடித்தார்கள், புகார் சொன்னார்கள், கேமராவின் முன் அதிகாரியிடம் கேள்வி கேட்டார்கள். தயாரிப்பாளர்களோடு சமூக ஆய்வாளர்களும் ஊர் ஊராகச் சென்றனர். நிகழ்ச்சிக்கு முன் தேவையறிதலும் நிகழ்ச்சிக்குப் பின் கருத்தறிதலும் வழக்கமாயின. மாநகரத் தொலைக்காட்சி இன்றும் எட்டாத ஒழுங்கு இது.

கிராமத் தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசு 1984இல் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. ஒரு கிலோவாட் நிலையம் ஒன்று உலகின் கவனத்தைப் பெற்ற அரிய தருணம் அது.

4. சான்றுகளை எடை போடுதல்

பீஜ் பற்றிய எழுத்துகள் இரு திசைகளில் பிரிகின்றன. முன்னேற்றத் தொடர்பியல் பாடநூல்கள் அதை வெற்றி பெற்ற முன்மாதிரியாகச் சொல்கின்றன. மற்றொரு தரப்பு அதை நல்லெண்ணம் கொண்ட அறிவியலாளர்கள் மேலிருந்து நடத்திய ஒரு சோதனையாகக் காண்கிறது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. இரண்டும் முழுமையானவை அல்ல.

முதல் தரப்பின் சான்றுகளில் ஒரு குறை உண்டு. திட்டத்தின் பயனை மதிப்பிட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை அதை நடத்திய அமைப்பின் உள்ளிருந்தே வந்தவை. ஆய்வாளர்களின் நேர்மையை இங்கே ஐயப்படவில்லை. ஆனால் கேட்கப்படும் கேள்விகளை நடத்துபவரே தீர்மானிக்கும்போது, பார்ப்பவருக்கு என்ன தெரிந்தது, எது பிடித்தது என்பவை அளக்கப்படும். நிலையத்தை நடத்தும் அதிகாரம் யாருக்கு வேண்டும் என்பது கேள்வித்தாளில் இடம்பெறாது.

இரண்டாம் தரப்பின் விமர்சனமும் ஓரிடத்தில் தடுமாறுகிறது. மேலிருந்து வந்த திட்டமென்றால் அது மூடப்பட்டபோது ஊரார் வாளாவிருந்திருக்க வேண்டும். கேடா மக்களோ டிரான்ஸ்மிட்டரை எடுத்துச் செல்வதை எதிர்த்துப் போராடினார்கள். தமக்கு உரிமையே இல்லாத ஒரு நிலையத்தைத் தமதென்று அவர்கள் கருதினார்கள் என்பதற்கு அந்தப் போராட்டத்தைவிட வலுவான சான்று எந்த ஆய்வறிக்கையிலும் இல்லை.

தொழில்நுட்பமும் சந்தையும் பீஜை முடித்துவைத்தன என்பது மூன்றாவது விளக்கம். எண்பதுகளில் தனியார் வீடுகளில் பெட்டிகள் பெருகின. பொதுப் பெட்டிகள் பழுதடைந்தன. அகமதாபாத்தின் பெரிய டிரான்ஸ்மிட்டர் அந்த வட்டாரத்தையும் எட்டியது. தேசிய ஒளிபரப்பு 1982 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது; 1984இல் டிரான்ஸ்மிட்டர்கள் நாளொன்றுக்கு ஒன்று என்ற வேகத்தில் முளைத்தன; அதே ஆண்டு ஜூலையில் ‘ஹம் லோக்’ தொடர் நாட்டையே திரைமுன் அமர்த்தியது. இவையனைத்தும் நடந்தவை. ஆனால் பார்வையாளர் குறைந்ததால் ஒரு நிலையம் தானே ஓய்வது வேறு. மக்கள் எதிர்க்கும்போதே அதன் கருவியை இன்னோர் ஊருக்கு ஒதுக்குவது வேறு. 1985இல் நடந்தது பின்னது. அந்த முடிவு டெல்லியில் எடுக்கப்பட்டது. அதில் கருத்துச் சொல்லும் சட்ட உரிமை கேடாவின் எந்த ஊராட்சிக்கும் இல்லை.

தூர்தர்ஷன் நிகழ்ச்சிகளை ஆராய அரசே அமைத்த பி. சி. ஜோஷி குழு, நாட்டின் தொலைக்காட்சி மாநகரங்களின் பார்வையிலிருந்து விடுபட்டு வட்டார வாழ்வுக்கு இடம்தர வேண்டும் என்று பரிந்துரைத்ததும் ஏறக்குறைய அதே காலத்தில்தான். அறிக்கை ஒரு பக்கம் போயிற்று, டிரான்ஸ்மிட்டர் மறுபக்கம் போயிற்று.

5. ஒரே மாவட்டம், இரண்டு நிறுவனங்கள்

பீஜ் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கான விடை அதே மாவட்டத்திலேயே இருக்கிறது. கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவு ஒன்றியம் 1946 டிசம்பரில் திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் பதிவானது. அமுல் என்று நாம் அறிவது அதைத்தான். அதை வளர்த்தெடுத்த வர்கீஸ் குரியன் 1949இல் அம்மாவட்டத்தின் ஆனந்த் நகருக்கு வந்து சேர்ந்தார். இரு கிராமச் சங்கங்களுடன் தொடங்கிய அந்த அமைப்பு இன்றும் இயங்குகிறது.

பால் ஒன்றியம், பீஜ் நிலையம் இரண்டும் வெளியிலிருந்து வந்த நிபுணத்துவத்தை நம்பின. குரியன் கேரளத்தவர், பீஜின் பொறியாளர்களும் வெளியூரார். இரண்டுக்கும் அரசின் பணம் கிடைத்தது. தொடர்பு அதோடு முடியவில்லை: பல ஊர்களில் தொலைக்காட்சிப் பெட்டி பால் சங்கக் கட்டடத்திலேயே இருந்தது. வேறுபாடு ஒன்றுதான். பால் சங்கத்தின் குளிரூட்டும் இயந்திரத்தை எந்த அமைச்சகமும் கழற்றிக்கொண்டு போக முடியாது. அது உறுப்பினர்களின் சொத்து. பீஜின் டிரான்ஸ்மிட்டர் மத்திய அரசின் சொத்து. நிகழ்ச்சியில் மக்களுக்குப் பங்கு இருந்தது, நிறுவனத்தில் இல்லை. இக்கட்டுரையின் வாதம் இந்த வேறுபாட்டில் நிற்கிறது. ஒரு சிறு நிலையத்தின் ஆயுளைப் பார்வையாளர் எண்ணிக்கையோ நிகழ்ச்சித் தரமோ மட்டும் தீர்மானிப்பதில்லை. அதன் கருவியும் உரிமமும் யார் பெயரில் இருக்கின்றன என்பதே முதலில் தீர்மானிக்கிறது.

இஸ்ரோ இதே பணியை வேறு வடிவில் தொடர்ந்தது. மத்தியப் பிரதேசத்தின் பழங்குடி மாவட்டமான ஜாபுவாவில் 1996இல் தொடங்கிய திட்டத்தில் 150 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழி நிகழ்ச்சிகள் சென்றன. ஒன்றியத் தலைமையிடங்களிலிருந்து மக்கள் திரும்பப் பேசவும் வசதி இருந்தது. பேச வழி கிடைத்தது, நிலையம் மக்களுடையதாகவில்லை.

6. சட்டத்தின் வெற்றிடம்

காற்றலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் பயனை வானொலி ஓரளவு பெற்றது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி உரிமம் வழங்கும் கொள்கை வந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 2004 பிப்ரவரி 1 அன்று நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலியாக ஒலித்தது. 2006 நவம்பரில் தன்னார்வ அமைப்புகளுக்கும் கதவு திறந்தது. தெலங்கானாவின் பஸ்தாபூர் பகுதியில் தக்காண வளர்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த தலித் பெண்கள் 2008 முதல் சங்கம் வானொலியை நடத்துகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களானது அங்கே நடந்தது. அவர்களுடைய சக உறுப்பினர்கள் வீடியோப் படங்களும் எடுக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பெண்கள் தம் வீடியோவை ஒளிபரப்ப ஒரு நிலையம் நடத்த விரும்பினால், விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடமில்லை. சமுதாயத் தொலைக்காட்சி என்ற உரிம வகை இந்தியாவில் இன்றுவரை உருவாகவில்லை. செய்தியைப் பொறுத்தவரை சமுதாய வானொலிக்குமே ஆகாசவாணியின் செய்தியை எடுத்து ஒலிபரப்பும் அளவுக்குத்தான் அனுமதி.

தொலைக்காட்சியில் இதற்கு மிக அருகில் வருவது கேபிள் நிறுவனங்கள் நடத்தும் லோக்கல் சேனல். 2022 நவம்பர் 30 அன்று வெளியான வழிகாட்டுதல்கள் இதை முறைப்படுத்தின. எம்எஸ்ஓ எனப்படும் பெரிய கேபிள் நிறுவனம் தன் மொத்தச் சேனல் கொள்திறனில் 5 விழுக்காடு வரை இத்தகைய சேனல்களை நடத்தலாம். ஒரு சேனலுக்குப் பதிவுக் கட்டணம் 1,000 ரூபாய். ஆனால் உள்ளூர்ச் செய்தி வழங்க அந்த எம்எஸ்ஓ கம்பெனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். கட்டணம் சிறியது, வாசல் கேபிள் நிறுவனத்துக்கு மட்டுமே உரியது. ஊர்ச் சங்கமோ மகளிர் குழுக் கூட்டமைப்போ அதில் நுழைய வழி இல்லை.

உலகில் வேறு வழிகள் உள்ளன. அமெரிக்காவின் 1984 கேபிள் சட்டம், உள்ளாட்சிகள் தம் பகுதிக் கேபிள் நிறுவனத்திடம் பொதுமக்களுக்கும் கல்விக்கும் உள்ளாட்சிக்கும் சேனல்களைக் கேட்டுப் பெற அனுமதித்தது. அர்ஜென்டினாவின் 2009 சட்டம் அலைக்கற்றையில் மூன்றில் ஒரு பங்கை லாபநோக்கற்ற அமைப்புகளுக்கு ஒதுக்கியது.

7. தமிழ்நாட்டில் திரையும் இணைப்பும்

தொலைக்காட்சிப் பெட்டியைக் கிராமத்து ஏழை வீட்டுக்குள் கொண்டுசென்றதில் தமிழ்நாடு முன்னிற்கிறது. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் 1.5 கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. 2007இல் உருவான அரசு கேபிள் டிவி நிறுவனம் 2011இல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புத் தந்தது. பெட்டியையும் கம்பியையும் பொதுத் தேவையாகக் கருதியது இம்மாநிலம். அந்தக் கம்பியில் ஊரின் குரல் போக வேண்டும் என்று மட்டும் கருதவில்லை.

நம் சிற்றூர்களின் லோக்கல் சேனல்களைக் கவனித்தால் தேவை இருப்பது தெரியும். கோயில் கும்பாபிஷேகம், பள்ளி ஆண்டுவிழா, திருமண வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி, நகைக்கடை விளம்பரம் ஆகியவை அங்கே ஓடுகின்றன. இவற்றை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தன் ஊரின் முகத்தைத் திரையில் காண மக்கள் விரும்புகிறார்கள் என்பதற்கும் உள்ளூர்க் கடைகள் அதற்குச் சிறிதேனும் பணம் கொடுக்கும் என்பதற்கும் இவையே சான்று. ஆனால் சேனலின் உரிமையாளர் கேபிள் நிறுவனம். அதன் பிழைப்பு உள்ளூர் அரசியலோடும் அதிகாரத்தோடும் பிணைந்தது. ரேஷன் கடைச் சிக்கலையோ ஊராட்சிக் கணக்கையோ அது தொடர்ந்து காட்டும் என்று எதிர்பார்க்க இயலாது.

8. குத்தம்பாக்கம் ஏன்?

குத்தம்பாக்கத்தை இந்த வாதத்துக்கு எடுத்துக்கொள்ளக் காரணம் அதன் உள்ளாட்சி வரலாறு. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் 1996இல் நடந்த தேர்தலில், அறிவியல் நிறுவனப் பணியை விட்டு ஊர் திரும்பிய பொறியாளர் இளங்கோ ரங்கசாமி தலைவரானார். 2006 வரை அப்பொறுப்பில் இருந்தார். தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரே கட்டடத்தின் இரு பாதிகளில் வாழும் இரட்டை வீடுகளாக இங்குள்ள சமத்துவபுரம் அமைந்தது. அவர் ஒருமுறை இடைநீக்கம் செய்யப்பட்டபோது கிராமசபை கூடி அவர் பக்கம் நின்றது. பின்னர் ஊரின் மேய்ச்சல் நிலத்தில் பக்கத்து நகரங்களின் குப்பையைக் கொண்டுவந்து கொட்டும் திட்டத்தையும் ஊர் எதிர்த்தது.

இவை ஒவ்வொன்றும் ஒரு சிறு நிலையத்துக்கு உரிய செய்தி. இன்று மாநில அளவில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராமசபை கூடுகிறது. வேலைக்குப் போனவர், முதியோர், கைக்குழந்தையோடு இருக்கும் பெண்கள் அக்கூட்டத்துக்கு வர முடிவதில்லை. வரவுசெலவு வாசிக்கப்படுவதையும் அதன்மேல் எழும் கேள்விகளையும் அவர்கள் வீட்டுத் திரையில் காண முடிந்தால் ஊராட்சியின் இயல்பே மாறும். பேருந்து முனையம், சாலை விரிவாக்கம், நில மதிப்பு உயர்வு என்று மாநகரம் ஊருக்குள் வரும் இக்காலத்தில், என்ன முடிவு எங்கே எடுக்கப்படுகிறது என்பதை அறிவது குத்தம்பாக்கத்தாருக்கு வாழ்வாதாரக் கேள்வி.

இதற்கு மூன்று மறுப்புகள் எழும். கைப்பேசியும் யூடியூபும் இருக்கும்போது நிலையம் எதற்கு என்பது முதலாவது. யூடியூபில் எவரும் படம் ஏற்றலாம் என்பது உண்மை. ஆனால் எது யார் கண்ணில் படும் என்பதை வெளிநாட்டு நிறுவனத்தின் கணக்கீடு தீர்மானிக்கிறது. ஊருக்குப் பொதுவான நேரமும் பொறுப்பான ஆசிரியர் குழுவும் அங்கே இல்லை. யாருடைய கையில் கருவி என்ற பீஜின் சிக்கல் அங்கே இன்னும் பெரிதாகத் திரும்புகிறது.

ஊராட்சியிடம் நிலையத்தைக் கொடுத்தால் அது தலைவரின் விளம்பரக் கருவியாகும் என்பது இரண்டாவது. இது வலுவான மறுப்பு. அரசுகளும் உள்ளாட்சிகளும் ஒளிபரப்பில் நேரடியாக இறங்கக் கூடாதென்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் பரிந்துரைத்ததும் இக்காரணத்தால்தான். எனவே உரிமம் ஊராட்சி மன்றத்தின் பெயரில் இருக்கக் கூடாது. ஊரில் வசிப்போர் பங்குதாரர்களாக உள்ள கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். அச்சங்கம் தன் கணக்கை ஆண்டுதோறும் கிராமசபை முன் வைக்க வேண்டும். ஆவினுக்குப் பால் ஊற்றும் சங்கங்கள் மூலம் நம் கிராமங்கள் இந்த வடிவத்தை நன்கறியும். நிர்வாகக் குழுவில் பெண்களுக்கும் தலித்துகளுக்கும் இடஒதுக்கீடு இருந்தாலொழிய, ஊரின் பழைய ஏற்றத்தாழ்வே திரையிலும் ஏறும்.

செலவு என்பது மூன்றாவது. 1975இல் ஒரு கிலோவாட் நிலையத்துக்கு விண்வெளி நிறுவனமே தேவைப்பட்டது. தூர்தர்ஷன் தன் தரைவழி டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவற்றை 2022க்குள் மூடிவிட்டது. கோபுரம் எழுப்பும் காலம் முடிந்துவிட்டது. கேபிள் வீடுவரை வந்துவிட்டது. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் பாரத்நெட் என்ற இணையத் திட்டத்தின்கீழ் கண்ணாடி இழையால் இணைக்கும் பணியும் எடுத்துக்கொள்ளப்பட்டது. கேமராவும் தொகுப்புக் கருவியும் கைக்கெட்டிய விலையில் கிடைக்கின்றன. தொடர்ந்து வேண்டியது பயிற்சி பெற்ற இரண்டு மூன்று பேருக்கான ஊதியம். அதை ஊர்ச்சந்தாவும் உள்ளூர் விளம்பரமும் ஈடுசெய்ய முடியும். தனியோர் ஊருக்குச் சுமையானால் ஒன்றியத்தின் பல ஊராட்சிகள் சேர்ந்து நடத்தலாம்.

9. முடிவு

பீஜ் தோற்ற திட்டம் அல்ல. கிராம மக்கள் தம் மொழியில் தம் சிக்கலைப் பேசும் தொலைக்காட்சியை விரும்பிப் பார்ப்பார்கள் என்பதையும் அதைக் காக்கத் தெருவில் இறங்குவார்கள் என்பதையும் அது மெய்ப்பித்தது. அதன் கருவி மக்களுக்குச் சொந்தமாக இல்லாததால் அது பறிபோனது.

ஆகவே கோரிக்கைகள் இரண்டு. மத்திய அரசு, சமுதாய வானொலிக்கு 2006இல் செய்ததைப் போலச் சமுதாயத் தொலைக்காட்சிக்கும் தனி உரிம வகையை உருவாக்க வேண்டும். உள்ளூர்ச் செய்திக்கு அதில் தடை இருக்கக் கூடாது. தமிழ்நாடு அரசு, அரசு கேபிளின் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு சேனல் இடத்தை ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கட்டணமின்றி ஒதுக்க வேண்டும். இவை வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. கிராமசபை நடவடிக்கைகளை முழுமையாகப் படம்பிடித்து ஊரின் பொதுச் சொத்தாகப் பாதுகாப்பதென ஓர் ஊராட்சி அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடலாம். குத்தம்பாக்கம் அதில் முதலாவதாக இருக்கட்டும்.